காடிச் சீட்டைக் கவிழ்த்துப் போட்டுப் படம் எடுங்கள்

காடிப் பக்கம்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் காடிச் சீட்டை, அதாவது கார் இருக்கையைப் பற்றித்தான். ஸ்போர்ட்ஸ் காடியில் இருந்து கழற்றிய சீட்டை என்ன செய்வது என்று போன இதழில் ஒருவர் கேட்டிருந்தார், இடமில்லாமல் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டோம். அதைப் படித்ததும் ஆளாளுக்கு வீட்டு ஸ்டோரில் கிடக்கும் சீட் நினைவுக்கு வந்துவிட்டது போல. சரி, எஞ்சின் ஆயில் கேள்வி அனுப்பியவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணே, என்னிடம் புரோத்தோன் சத்ரியா ஜிடிஐ காடியின் முன் சீட் ஒரு ஜோடி இருக்கிறது, ரெக்காரோ என்ற ஜெர்மன் கம்பெனி செய்தது. காடியை விற்றபோது சாதா சீட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டு இதைக் கழற்றி வைத்துக்கொண்டேன். சில வருஷமாக அம்மா வீட்டு ஸ்டோரில் கிடக்கிறது, அம்மா பார்க்கும்போதெல்லாம் திட்டுகிறார். பழைய காடியைப் பிரித்துப் பாகம் விற்கும் பொத்தோங் கடைக்காரர் ஜோடி 700 வெள்ளிக்குக் கேட்கிறார். காடிப் பைத்தியங்களிடமே நேராக விற்றால் கூடக் கிடைக்கும் என்கிறார்கள். எப்படி விற்பது, என்ன விலை சொல்வது?
வாசகர், ஸ்லிம் ரிவர்

பதில்: தம்பி, அவசரப்பட்டு 700-க்குக் கொடுத்துவிடாதீர்கள். கடைக்காரரைக் குறை சொல்லவில்லை. அவர் வாங்கி, கழுவி, கடையில் மாதக்கணக்கில் வைத்து, பேரம் பேசுகிறவர்களிடம் மல்லுக்கட்டி விற்க வேண்டும், அதற்கெல்லாம் சேர்த்துத்தான் அந்த விலை. அந்த வேலையை நீங்களே செய்வதாக இருந்தால் அந்தப் பணம் உங்களுக்கு. செய்ய நேரமில்லை, அம்மாவின் திட்டு தாங்கவில்லை என்றால் கடைக்காரரிடம் கொஞ்சம் ஏற்றிக் கேட்டுக் கொடுத்துவிடுங்கள், அதிலும் தப்பில்லை.

உங்கள் சீட்டுக்கு ஏன் மவுசு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 1998-இல் வந்த சத்ரியா ஜிடிஐ, தொழிற்சாலையில் இருந்தே ரெக்காரோ சீட்டோடு வந்த காடி. அந்தக் காடியை இன்றைக்கும் வைத்துக்கொண்டு பழைய நிலைக்குக் கொண்டுவர நினைக்கிறவர்கள் பேராக்கிலும் சிலாங்கூரிலும் நிறையப் பேர். அவர்களுக்கு ஜப்பான் சீட் வேண்டாம், தைவான் சீட் வேண்டாம், அந்தக் காடியோடு வந்த சீட்தான் வேண்டும். இரண்டாவது கூட்டம், வீராவும் சாதா சத்ரியாவும் வைத்திருப்பவர்கள். வீரா, சத்ரியா, புத்ரா மூன்றுமே மிட்சுபிஷி லான்சர், மிராஜ் வம்சம் என்பதால் தரையில் இருக்கும் போல்ட் ஓட்டைகள் பெரும்பாலும் ஒத்துப்போகும், வெட்டாமல் ஒட்டாமல் உட்கார்ந்துவிடும். மூன்றாவது கூட்டம் எந்தக் காடிக்கும் ரெக்காரோ என்ற பெயர் இருந்தால் போதும் என்பவர்கள். விலை குறைத்துக் கேட்பதும், வருகிறேன் என்று சொல்லி வராமல் போவதும் பெரும்பாலும் இந்த மூன்றாவது கூட்டம்தான். நீங்கள் தேட வேண்டியது முதல் கூட்டத்தை. ஜிடிஐ வைத்திருப்பவர்களுக்கென்றே கிளப்புகள் உண்டு, வார இறுதியில் தே தாரிக் குடிக்கக் கூடுவார்கள், நம் ஊரில் இருந்து தஞ்சோங் மாலிம் வரை போனாலே யாராவது ஒருவரைப் பிடித்துவிடலாம். புரோத்தோன் தொழிற்சாலையே அங்கேதானே இருக்கிறது.

இனி சீட்டுக்கு வருவோம். நானும் ஸ்லிம் ரிவர்தான், தோட்டத்து வீட்டு ஸ்டோர் எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. சுற்றிலும் செம்பனை. செம்பனை இருக்கும் இடத்தில் எலி இல்லாமலா? அதைப் பிடிக்கத்தானே தோட்டத்தில் கம்பத்தின் மேல் பெட்டி கட்டி ஆந்தை வளர்க்கிறார்கள். சீட் ஸ்பாஞ்சு எலிக்குப் பிடித்த மெத்தை. அதனால் முதல் வேலையாகச் சீட்டை வெளியே தூக்கி வந்து, நல்ல வெளிச்சத்தில், பழைய பாயின் மேல் கவிழ்த்துப் போடுங்கள். கடிபட்ட ஸ்பாஞ்சு, புழுக்கை, நாற்றம் எல்லாம் அடியில்தான் தெரியும். நாற்றம் இருந்தால் வாசனைத் திரவம் அடித்து மறைக்கப் பார்க்காதீர்கள், வாங்குகிறவர் காடிக் கதவை மூடிக்கொண்டு வெயிலில் பத்து நிமிஷம் ஓட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

கவிழ்த்துப் போட்டாயிற்றா, இப்போது ரேலைப் பாருங்கள். சீட் முன்னும் பின்னும் நகரும் இரும்புத் தடம் இரண்டு இருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் பூட்டவும் திறக்கவும் நடுவில் ஒரு கம்பியோ வயரோ ஓடும். கைப்பிடியைத் தூக்கி நகர்த்தி விட்டுவிடும்போது இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் "டக்" என்று விழ வேண்டும். ஒரு பக்கம் பூட்டி மறு பக்கம் பூட்டாமல் நின்றால் அந்தச் சீட்டில் உட்கார்ந்து ஓட்டக் கூடாது, பிரேக் அடிக்கும்போது சீட் முறுக்கிக்கொள்ளும். பல நேரம் காரணம் சின்னதுதான்: பழைய கிரீஸ் மண்ணோடு சேர்ந்து கெட்டியாகி இருக்கும், இல்லையென்றால் கம்பி வளைந்திருக்கும். மண்ணெண்ணெய் தொட்டுப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, நன்றாகத் துடைத்து, வெள்ளை லித்தியம் கிரீஸ் கொஞ்சமாகத் தடவினால் தேங்காய் எண்ணெய் மாதிரி ஓடும். துரு இளக அடிக்கும் ஸ்பிரேயை அடித்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள், அது காய்ந்ததும் மறுபடி கிறீச்சிடும்.

அடுத்து முதுகு. சாய்க்கும் திருகையோ நெம்பையோ வைத்து முழுசாகச் சாய்த்து நிமிர்த்திப் பாருங்கள். பிறகு உட்கார்ந்து முதுகால் முன்னும் பின்னும் தள்ளுங்கள். லேசான ஆட்டம் பழைய சீட்டில் சகஜம், ஆனால் தலைப்பகுதியில் விரல் அகலத்துக்கு ஆடினால் சாய்வுப் பல் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அதைச் சொல்லித்தான் விற்க வேண்டும். உட்காரும் இடத்துக்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங் அல்லது ரப்பர் பட்டையையும் பாருங்கள். ஒன்று அறுந்திருந்தால் போதும், உட்கார்ந்தவர் ஒரு பக்கமாகச் சரிவார், ஸ்பாஞ்சு அமுங்கிவிட்டது என்று எல்லாரும் தப்பாக நினைப்பார்கள்.

துணிக்கு இப்போதுதான் வருகிறேன். நம் நாட்டில் ஓட்டுநர் வலது பக்கம் இருந்து ஏறி இறங்குகிறார், அதனால் ஓட்டுநர் சீட்டின் வலது பக்க மேடு, போல்ஸ்டர் என்பார்களே, அதுதான் முதலில் தேயும். அதில் துணி நூல் நூலாகப் பிரிந்து, உள்ளே இருக்கும் மஞ்சள் ஸ்பாஞ்சு விரல் பட்டால் தூளாக உதிரும். பக்கத்து இருக்கை பெரும்பாலும் புதுசு மாதிரி இருக்கும். விலை சொல்லும்போது ஜோடியை ஒரே நிலையில் இருப்பதாகச் சொல்லாமல், ஓட்டுநர் சீட் இப்படி, பக்கத்துச் சீட் அப்படி என்று பிரித்துச் சொல்லுங்கள். குஷன் கடையில் கொடுத்துப் புதுத் துணி போட்டுவிட்டு விற்கலாமா என்று சிலர் கேட்பார்கள். என்னைக் கேட்டால் வேண்டாம். ஜிடிஐக்காரருக்கு அசல் துணி முக்கியம், கிழிந்த அசல் துணியை வைத்துக்கொண்டு அதே மாதிரித் துணி தேடி ஒட்டுப்போட அவருக்கே ஒரு கடை தெரிந்திருக்கும். நீங்கள் 400 வெள்ளி செலவழித்துப் பளபள செயற்கைத் தோல் போட்டால் அவர் விலையைக் குறைத்துத்தான் கேட்பார்.

கழுவுவது என்றால் சோப்பு நுரையை மேலாகத் தேய்த்து ஈரத் துணியால் எடுத்தால் போதும். குழாயைத் திறந்துவிட்டு அடிக்காதீர்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் ஸ்பாஞ்சு உள்ளே காயவே காயாது, ஒரு வாரத்தில் பூஞ்சணம் கிளம்பும், உள் கம்பி துருப்பிடிக்கும். காய வைப்பதும் நிழலில். நேர் வெயிலில் வைத்தால் சிவப்புத் துணி ரோஸாகிவிடும்.

படம் எடுக்கும்போது அழகான முன்பக்கப் படம் ஒன்று போதும். மீதி எல்லாம் அடிப்பக்கம், இரண்டு ரேல், சாய்வு நெம்பு, லேபிள், கிழிசல். கிழிசலுக்குப் பக்கத்தில் ஒரு 20 சென் காசை வைத்து எடுங்கள், அளவு தெரியும். விஷயம் தெரிந்தவர் முதலில் கேட்பதே "அண்ணே, அடிப் படம் இருக்கா?" என்றுதான். அதை நீங்களே முந்திக்கொண்டு காட்டிவிட்டால் பாதிப் பேரம் அங்கேயே முடிந்துவிடும், நேரில் வந்த பிறகு "இதைச் சொல்லவே இல்லையே" என்று 300 வெள்ளி குறைக்க அவருக்கு ஒரு பிடியும் கிடைக்காது.

விலை? எண்ணை நான் சொல்ல மாட்டேன், ஏனென்றால் படம் பார்க்காமல் சொல்லும் விலை வெறும் வாய்ப்பேச்சு. ஆனால் வழி சொல்கிறேன். மற்றவர்கள் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்றுப்போன விலையை விசாரியுங்கள். கேட்கும் விலையில் மாதக்கணக்கில் தூங்கும் சீட் எத்தனையோ. ரேலும் பிராக்கெட்டும் போல்ட்டும் பக்கத்துப் பிளாஸ்டிக் மூடியும் முழுசாக இருந்தால் அதற்கு ஒரு விலை, ரேல் இல்லாமல் வெறும் சீட் என்றால் வேறு விலை. அந்தப் பிளாஸ்டிக் மூடி உடைந்திருந்தால் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள், அது தனியாகக் கிடைப்பது குதிரைக் கொம்பு. ஜோடியைப் பிரித்துக் கொடுக்காதீர்கள். ஓட்டுநர் சீட்டை மட்டும் கேட்டு வருகிறவர் நல்ல விலை கொடுத்தாலும், மிச்சம் இருக்கும் ஒற்றைச் சீட்டை வைத்துக்கொண்டு நீங்கள் அம்மாவிடம் திட்டு வாங்க வேண்டியதுதான்.

நேரமும் ஒரு விஷயம். தீபாவளிக்கு முந்தின மாதம் பணம் வேண்டி எல்லாரும் எதையாவது விற்பார்கள், வாங்குகிறவன் ராஜா. அவசரம் இல்லையென்றால் போனஸ் வந்த பிறகு விலை போடுங்கள்.

கேள்வி: எனக்கு ஒருவர் 'பிரைட்' ஃபுல் பக்கெட் சீட் (முதுகு சாயாத, ஒரே ஓடாகச் செய்த பந்தயச் சீட்) 350 வெள்ளிக்குத் தருகிறேன் என்கிறார். துணியில் கறுப்பில் இருந்து சாம்பல் நிறமாக எழுத்து மங்கிக்கொண்டே போகும் அந்தப் பிரபலமான டிசைன்தான். அசலா போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
வாசகர், பீடோர்

பதில்: 350 என்கிறபோதே பதில் பாதி கிடைத்துவிட்டது. பிரைட் 1981-இல் ஜப்பானில் தொடங்கிய நிறுவனம், அந்த மங்கும் எழுத்துத் துணி உலகம் முழுக்கக் காப்பியடிக்கப்பட்ட துணி, மீட்டர் கணக்கில் குஷன் கடையிலேயே கிடைக்கும். அதனால் துணியைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஓட்டின் பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். அசலில் பைபர் ஓடு ஒரே சீராக இருக்கும், விளிம்பு மழித்த மாதிரி இருக்கும், பெல்ட் நுழையும் ஓட்டைகளின் ஓரம் சுத்தமாக முடித்திருக்கும். போலியில் விளிம்பில் பைபர் முள் கையைக் குத்தும், பெயின்ட் திட்டுத் திட்டாக நிற்கும், பக்கவாட்டு போல்ட் இறங்கும் இடத்தில் உள்ளே பதித்த நட் கோணலாக இருக்கும். அந்த நட்தான் உயிர் காக்கும் இடம். பெரிய விபத்தில் மெல்லிய ஓடு அந்த இடத்தில்தான் பிய்த்துக்கொண்டு வரும்.

உலகக் காடிப் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் லேபிள் இருந்தால் அதில் 8855-1999 என்ற எண்ணும், செய்த மாதமும் வருஷமும் இருக்கும். அந்தத் தரத்துச் சீட்டுக்குப் பந்தயத்தில் ஆயுள் செய்த நாளில் இருந்து ஐந்து வருஷம். செப்பாங் பந்தயத் தடத்தில் போட்டியில் இறங்கும் ஆசை இருந்தால் லேபிள் தேதி பார்க்காமல் வாங்காதீர்கள். தெருவில் ஓட்டத்தான் என்றால் தேதி போனது குற்றமில்லை, ஆனால் விலை குறைய வேண்டும், அதைச் சொல்லிக் கேளுங்கள். லேபிளை மட்டும் தனியாக அச்சடித்து ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று. அழகுக்காகப் போலி என்று தெரிந்தே வாங்குகிறேன் என்றால் அது உங்கள் இஷ்டம், ஆனால் நாளைக்கு நீங்கள் விற்கும்போது "பிரைட்" என்று எழுதாதீர்கள். "பிரைட் மாதிரி" என்று எழுதுங்கள். நம் ஆட்கள் கூட்டம் சின்னது, பெயர் கெட்டால் அடுத்த ரிம் விற்கும்போது யாரும் போன் எடுக்க மாட்டார்கள்.

கேள்வி: என் பெரோடுவா மைவிக்குப் பழைய ஹோண்டா சிவிக் டைப் ஆர் சீட் போட ஆசை. விற்பவர் பிராக்கெட் இல்லை, ஊரில் இரும்புக் கேட் செய்யும் கடையில் வெல்டிங் வைத்துக்கொள்ளலாம் என்கிறார். செய்யலாமா?
வாசகர், தாப்பா

பதில்: கேட் செய்யும் கடையில் கேட் மட்டும் செய்யுங்கள். சீட்டைத் தரையோடு பிடிக்கும் இரும்பு உங்கள் உடம்பின் எடையை மட்டும் தாங்கினால் போதாது, மோதும்போது அந்த எடை பல மடங்கு ஆகும். அந்த மாடலுக்கென்றே செய்த பிராக்கெட் தனியாக விற்கிறார்கள், விலை அதிகம்தான், ஆனால் சீட் விலையோடு அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டுப் பேரம் பேசுங்கள். பிராக்கெட் இல்லாத சீட் மலிவாகத் தெரிவது கண்கட்டு வித்தை.

அதைவிடப் பெரிய விஷயம், உங்கள் மைவி புதுசா பழசா? இப்போது இருக்கும் சீட்டின் கதவுப் பக்க ஓரத்தில் எஸ்ஆர்எஸ் ஏர்பேக் என்று எழுதிய சின்னத் துணி லேபிள் தைத்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தச் சீட்டுக்குள்ளேயே பக்கவாட்டு ஏர்பேக் இருக்கிறது, அடியில் மஞ்சள் நிறப் பிளக் ஒன்றும் தெரியும். அதைக் கழற்றினால் டாஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். ஒரு சின்ன ரெசிஸ்டரை மாட்டினால் விளக்கு அணைந்துவிடும் என்று சிலர் சொல்லிக்கொடுப்பார்கள். விளக்கு அணையும், ஏர்பேக் திரும்பி வராது. காடிக் கணினியை ஏமாற்றலாம், பக்கத்தில் வந்து மோதுகிற லாரியை ஏமாற்ற முடியாது. என் கருத்து, பக்க ஏர்பேக் உள்ள காடியில் சீட்டைத் தொடாதீர்கள். பழைய மைவி, பக்க ஏர்பேக் இல்லை என்றால் தாராளமாகப் போடுங்கள்.

பெல்ட் குத்தும் பக்கிள் எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். பல காடிகளில் அது சீட்டோடு சேர்ந்து வரும். வேறு சீட் போட்டால் பக்கிள் உயரம் மாறி, இடுப்பு எலும்பின் மேல் படிய வேண்டிய பெல்ட் வயிற்றுக்கு ஏறிவிடும். முன் சீட்டுக்கு 1979-இல் இருந்து, பின் சீட்டுக்கு 2009 ஜனவரி 1-இல் இருந்து பெல்ட் கட்டாயம் ஆன நாடு இது. சீட்டை மாற்றினால் பெல்ட்டும் அதே மாதிரி வேலை செய்ய வேண்டும். மாற்றத்தை இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

டைப் ஆர் என்று சொன்னீர்கள், எந்த டைப் ஆர் என்று சொல்லவில்லை. 1997-இல் வந்த இகே9 மாடலில் சிவப்பு ரெக்காரோ. 2007-இல் வந்த எஃப்டி2-இல் இருப்பது ஹோண்டாவே செய்த சீட், அது ரெக்காரோ இல்லை. "எஃப்டி2 ரெக்காரோ" என்று யாராவது விற்றால் ஒன்று அவருக்கு விஷயம் தெரியாது, இல்லை உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

கேள்வி: என் சீட்டை வாங்க ஜொகூரில் இருந்து ஒருவர் பேசினார். பணம் அனுப்பிவிட்டேன் என்று ரசீது படம் அனுப்பினார், லாரிக்காரர் உடனே வந்து எடுத்துக்கொள்வார் என்றார். எனக்குப் பணம் வரவில்லை. கேட்டால் "பேங்க் லேட்" என்கிறார். கொடுக்கலாமா?
வாசகி, கம்பார்

பதில்: கொடுக்காதீர்கள் தங்கச்சி. ரசீது படம் பணம் இல்லை, அதைப் போனிலேயே எவ்வளவு வேண்டுமானாலும் திருத்தலாம். டூயிட்நவ் என்ற உடனடிப் பணப் பரிமாற்றத்தில் அனுப்பினால் பொதுவாக உடனே உங்கள் கணக்கில் தெரியும். உங்கள் பேங்க் ஆப்பை நீங்களே திறந்து, மீதித் தொகை கூடியிருப்பதைப் பார்த்த பிறகுதான் சீட் வாசலைத் தாண்ட வேண்டும். லாரிக்காரர் வந்து நிற்கிறார், அவசரம், என் மாமியாருக்கு உடம்பு சரியில்லை, இதெல்லாம் பழைய பல்லவி.

அவருடைய போன் எண்ணையும் கணக்கு எண்ணையும் போலீஸின் 'செமாக் மியூல்' தளத்தில் போட்டுப் பாருங்கள், முன்பு புகார் வந்திருந்தால் காட்டும். ஒன்றும் காட்டாததால் ஆள் சுத்தம் என்று அர்த்தமில்லை, புது எண்ணாக இருக்கலாம். உங்கள் பணமே போய்விட்டது என்றால், உதாரணமாக அவர் அனுப்பிய லிங்கைத் தட்டி ஏதாவது நடந்துவிட்டது என்றால், தாமதிக்காமல் மோசடிப் புகார் எண்ணான 997-க்கு அடியுங்கள், பிறகு போலீஸ் புகார்.

நேரில் பார்ப்பதுதான் எப்போதும் நல்லது. வீட்டு முகவரி கொடுக்க மனமில்லையென்றால் நெடுஞ்சாலை ஓய்விடமான ஆர் அண்ட் ஆரில் வைத்துக்கொள்ளுங்கள், தாப்பாவோ உலு பெர்ணமோ, வெளிச்சம் இருக்கும், ஆள் நடமாட்டம் இருக்கும், டீயும் கிடைக்கும். தனியாகப் போகாதீர்கள், அண்ணனையோ தம்பியையோ கூட்டிக்கொண்டு போங்கள், சீட்டைத் தூக்கவும் ஆள் வேண்டுமே. முன்பணம் வாங்கினால் எவ்வளவு, எந்த நாள் வரை ஒதுக்கி வைப்பேன், வராவிட்டால் திருப்பித் தருவேனா மாட்டேனா என்று ஒரே செய்தியில் எழுதி அனுப்பிவிடுங்கள். முன்பணம் வாங்கிய பிறகு வேறொருவர் 200 கூடத் தருகிறார் என்று பல்டி அடிக்காதீர்கள்.

கேள்வி: சபாவில் ஒருவர் கேட்கிறார். கூரியரில் அனுப்பலாமா?
வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: அனுப்பலாம், ஆனால் விலை சொல்வதற்கு முன் பெட்டியை அளந்துவிடுங்கள். கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை, இடத்தையும் பார்ப்பார்கள். நீளம் 100, அகலம் 60, உயரம் 60 சென்டிமீட்டர் பெட்டி என்றால் மூன்றையும் பெருக்கி 5000-ஆல் வகுப்பது பரவலான கணக்கு, 72 கிலோ வருகிறது. சீட் 18 கிலோ இருந்தாலும் 72 கிலோவுக்குக் காசு. தலையணையைக் கழற்றி, முதுகை முன்னால் மடக்கிக் கட்டினால் பெட்டி சின்னதாகும். கடல் வழி போகும் சரக்கு லாரிக்காரர்களிடம் கேளுங்கள், மெதுவாகப் போனாலும் மலிவு. ரேலின் கூர்முனைகளில் பழைய செருப்பை வெட்டிக் கட்டிவிடுங்கள், இல்லையென்றால் பெட்டியைக் கிழித்துக்கொண்டு வந்து சீட் துணியையே கிழிக்கும். சீட்டில் ஏர்பேக் இருந்தால் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும், அது வெடித்து விரியும் பொருள், ஆபத்தான சரக்கு என்ற வகையில் வரும், சொல்லாமல் அனுப்புவது குற்றம்.

கேள்வி: தெரிந்த பையன் ஒருவன் மிட்சுபிஷி ஈவோ காடியின் ரெக்காரோ சீட் தருகிறான். ரொம்ப மலிவு. ரேல் இருக்கிறது, ஆனால் பக்கிள் வயர் கத்தரித்து இருக்கிறது, ஒரு போல்ட் ரேலோடு முறிந்து நிற்கிறது. யாருடையது என்று கேட்டால் "நண்பனுடையது" என்கிறான்.
பெயர் வேண்டாம் என்ற வாசகர்

பதில்: பிளக்கைக் கழற்றாமல் வயரைக் கத்தரித்தவன், போல்ட்டைக் கழற்றாமல் முறித்தவன், அவசரத்தில் இருந்தவன். பொத்தோங் கடையிலும் வேகமாகக் கழற்றும்போது இப்படி ஆவதுண்டு, ஆனால் கடை என்றால் பில் இருக்கும். இங்கே பில்லும் இல்லை, உரியவன் பெயரும் இல்லை. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது குற்றவியல் சட்டம் 411-ஆம் பிரிவில் வரும், "எனக்குத் தெரியாது அண்ணே" என்பது மலிவு விலையையும் வெட்டிய வயரையும் பார்த்த பிறகு எடுபடாது. விடுங்கள்.

நல்ல ஆளிடம் வாங்கும்போதும் ஒரு தாளில் தேதி, விலை, சீட் விவரம், இருவர் பெயர், கையெழுத்து எழுதி ஆளுக்கு ஒரு படம் வைத்துக்கொள்ளுங்கள். விற்கிறவருக்கும் இது பாதுகாப்புத்தான். வாங்கி விற்பதையே தொழிலாக ஆரம்பித்துவிட்டால் பழைய பொருள் வியாபாரத்துக்கு உரிமம் வேண்டும், அது தனிச் சட்டம், 1946-இல் இருந்தே இருக்கிறது.

கேள்வி: ரெக்காரோ கம்பெனி திவால் ஆகிவிட்டதாமே? அப்படியானால் என் சீட் விலை ஏறுமா?
வாசகர், தெலுக் இந்தான்

பதில்: 2024 ஜூலையில் ஜெர்மனியில் காடிச் சீட் செய்யும் ரெக்காரோ ஆட்டோமோட்டிவ் திவால் மனு கொடுத்தது உண்மை. விமானச் சீட் செய்யும் ரெக்காரோ வேறு கம்பெனி, அந்தத் திவால் அதைத் தொடவில்லை. பிறகு இத்தாலியின் புரோமா குழுமம் எடுத்துக்கொண்டது, ஆக பெயர் சாகவில்லை. 1906-இல் ஸ்டுட்கார்ட்டில் காடி உடம்பு கட்டும் பட்டறையாக ரொய்ட்டர் என்ற பெயரில் தொடங்கி, போர்ஷே 356-க்கு உடம்பு கட்டிக் கொடுத்து, 1963-இல் அந்த வேலையைப் போர்ஷேயிடமே விற்றுவிட்டுச் சீட்டில் மட்டும் இறங்கிய ஆட்கள் அவர்கள். செய்தி வந்த வாரம் இங்கே சிலர் விலையை ஏற்றிப் போட்டார்கள், அந்தச் செய்திக்காக யாரும் கூடக் கொடுத்ததை நான் பார்க்கவில்லை. உங்கள் சீட் செய்தது பழைய காலத்தில், விலையைத் தீர்மானிப்பது உங்கள் போல்ஸ்டர்.

கேள்வி: ஐயா, என் மகன் காடிச் சீட் ஒன்றை வாங்கி வந்து, சக்கரம் வைத்து, வீட்டில் கம்ப்யூட்டர் நாற்காலியாகப் பயன்படுத்துகிறேன் என்கிறான். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நான் உட்கார்ந்தால் பின்னால் கவிழ்ந்துவிடும் போல இருக்கிறது. பயமாக இருக்கிறது.
ஒரு தாய், துரோலாக்

பதில்: அம்மா, உங்கள் பயம் நியாயமானது. காடிச் சீட்டின் முதுகு கனம், சாதா ஆபீஸ் நாற்காலியின் அடித்தட்டு அந்தக் கனத்துக்குச் செய்தது இல்லை. மகனிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள்: ஐந்து கால் உள்ள அகலமான இரும்பு அடித்தட்டு வாங்க வேண்டும், சீட்டைத் தண்டின் நடுவில் வைக்காமல் கொஞ்சம் முன்னால் தள்ளிப் பூட்ட வேண்டும், முதுகை நிமிர்ந்த நிலையில் வைத்து அதற்கு மேல் சாய்க்கக் கூடாது. அதைச் செய்யும் வரை நீங்கள் அதில் உட்கார வேண்டாம், அவனே உட்காரட்டும்.